சின்ன சிரிஞ்ச்

அத்தியாயம் 14

போன வாரம் பிளம்பரைச் சமையலறை மேசையின் முன்னால், கையில் சின்ன சிரிஞ்சோடும் முகத்தில் பெரிய சிரிப்போடும் விட்டுவிட்டு வந்தோம். சிரிப்பு விடிந்ததும் போய்விட்டது. அது போன கதைக்கு வருவதற்கு முன்னால், இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் மேடத்துக்கு முதுகெலும்பில் கிருமி. ஆறு வாரம், ஒரு நாள் விடாமல், ரத்தத்தில் நேராக மருந்து ஏற வேண்டும். தினமும் புதிதாகக் குத்தினால் கை சல்லடையாகிவிடும் என்று, இடது மேல்கையில் மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டிருக்கிறார்கள். அது ரத்தக் குழாய்க்குள்ளேயே போய் நெஞ்சருகில் நிற்கிறது. நாலு விரல்கடை மட்டும் வெளியே இருக்கிறது.

இரண்டு வாரம் வார்டில் கிடந்தாள். மிச்ச நாலு வாரத்தை வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒற்றைக் காலில் நின்று அவளைக் கூட்டி வந்தவன் அவள் கணவன், நம் பிளம்பர். தெருவில் அவனுக்குப் பெயரே 'பைப்'. "ஊரான் வீட்டு பைப்பையே விட மாட்டேன், சொந்த வீட்டு பைப்பை விட்டுடுவேனா டாக்டர்?" என்று ஜோக்கடித்தான். டாக்டர் சிரிக்கவில்லை. "ஒரு தப்பு நடந்தாலும் வார்டுதான்" என்று மட்டும் சொன்னார்.

சிரிக்காத இன்னொருத்தி மேடத்தின் அக்கா. பதினெட்டு வருஷமாக மருந்துக்கடை கவுண்ட்டரில் நிற்பவள். டாக்டர்கள் எழுதிக்கொடுப்பதே தன்னிடம் காட்டிச் சரிபார்ப்பதற்குத்தான் என்று நினைப்பவள். 'சாக்கடை அடைப்பு எடுக்கிற கை என் தங்கச்சி ரத்தத்துல விளையாடுறதா?' என்று அவள் கேட்டது பிளம்பரின் காதில் இன்னும் இருக்கிறது.

இன்று முப்பதாவது நாள். இன்னும் பன்னிரண்டு பாக்கி.

காலை ஏழு மணிக்குப் பிளம்பர் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். பாதியில் பிரஷ் நின்றது. நேற்று சாயந்தரம் செய்ததன் அர்த்தம் அப்போதுதான் அவன் மண்டையில் உறைத்தது.

நேற்று ஞாயிறு. குழாயில் மருந்து ஏறி முடிந்ததும் உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அதற்கென்றே நிரப்பி வரும் பத்து மில்லி சிரிஞ்சில் இரண்டுதான் மிச்சம் இருந்தன. இரண்டும் கைதவறித் தரையில் விழுந்தன. தரையில் விழுந்தது குப்பைக்கு என்பது சட்டம், போட்டான். புதுப் பெட்டி திங்கள் காலைதான் வரும். உடனே போன் செய்யச் சொல்லி, ஃப்ரிட்ஜ் கதவில் சிவப்பு மையில் நம்பர் இருந்தது. கைதவறிவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் யாரிடம் போய்ச் சொல்வது? ஒரு தப்பு என்று எழுதிக்கொண்டால்?

தங்கையைப் பார்க்க வந்திருந்த அக்கா சமையலறையில்தான் நின்றாள். கைப்பையைத் திறந்தாள். கைப்பை என்று பெயர்தான். பாதிக் கடை அதில் இருக்கும். கவர் பிரிக்காத மூன்று மில்லி சிரிஞ்ச் நாலும், ஒரு உப்புத் தண்ணீர் பாட்டிலும் மேசைக்கு வந்தன.

"தண்ணி ஒண்ணுதானே தம்பி. எதுல போனா என்ன?"

பத்து மில்லிக்குக் கீழே எந்தச் சிரிஞ்சையும் தொடாதீர்கள் என்று வீட்டில் மருந்து ஏற்றக் கற்றுக்கொடுத்த நர்ஸ் சிஸ்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். பிளம்பர் அதை அளவுக் கணக்காக எடுத்துக்கொண்டிருந்தான். பத்து மில்லி தண்ணீர் உள்ளே போக வேண்டும், அவ்வளவுதானே. மூன்று மூன்றாக நிரப்பினால் போயிற்று. நேற்று குழாய் வேறு கொஞ்சம் மக்கர் செய்தது. சின்ன சிரிஞ்சில் கட்டைவிரலை அழுத்தியதும் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அடைப்பு எடுத்தவனுக்கே தெரிந்த ஆனந்தம் அது. அதைத்தான் போன வாரம் பார்த்தோம்.

ஆனால் ஏன் வழுக்கிக்கொண்டு போயிற்று?

புது வீட்டில் பைப் போட்டு முடித்ததும், கசிவு இருக்கிறதா என்று பார்க்க அவனிடம் ஒரு கைப்பம்ப் உண்டு. அதன் குழல் ஒல்லி. ஒல்லியாக இருப்பதால்தான் ஒரு ஆள் கை பலத்துக்கே அழுத்தம் எங்கேயோ ஏறுகிறது. பழைய வீட்டுச் சுவருக்குள் இருக்கிற பைப்பில் யாராவது அந்தப் பம்ப்பை வைத்தால் முதலில் திட்டுகிறவன் இவன்தான். அப்படிப்பட்டவன், பெண்டாட்டி கையில் அதையே செய்திருக்கிறான்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தான். புதுப் பெட்டி வாசலில் வந்து இறங்கியிருந்தது. எல்லாம் நன்றாகத்தான் இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு வேலையை ஆரம்பித்தான்.

வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. நகக்கண்ணில் பல வருஷத்து கிரீஸ் உட்கார்ந்திருந்த கை. இப்போது நகத்தை ஒட்ட வெட்டி, பிரஷ் போட்டுத் தேய்த்து, கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை. மேசையைத் துடைத்தான். ஃப்ரிட்ஜிலிருந்து விடியும்போதே எடுத்துவைத்த மருந்துப் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தான், குளிர் விட்டிருந்தது. உள்ளே பந்து மாதிரி உப்பியிருக்கும் பை, ஒரு மணி நேரத்தில் தானாகச் சுருங்கி மருந்தைத் தள்ளிவிடும். கரன்ட் வேண்டாம், கம்பம் வேண்டாம்.

மேடம் வந்து உட்கார்ந்து, இடது கையைத் துண்டின் மேல் நீட்டினாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தினமும் இதுதான். பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகும் ரோட்டில், ஸ்டியரிங்கைப் பிடிக்கவே பயப்படுகிறவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதறாமல் வருகிறவள், தன் கையில் இருக்கிற குழாயை ஒரு தடவைகூட நேராகப் பார்த்ததில்லை.

"இன்னிக்கு என்ன ஒரே அமைதி? ரேடியோ ரிப்பேரா?" என்றாள் ஜன்னலைப் பார்த்து.

"எண்ணிட்டு இருக்கேன்."

முனையைப் பதினைந்து எண்ணும் வரை ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்தான். காயவிட்டான். பெரிய சிரிஞ்சை மாட்டி, கிளிப்பைத் திறந்து, கொஞ்சம் தள்ளி நிறுத்தினான். மறுபடி கொஞ்சம் தள்ளினான்.

கிளிப்புக்கும் கைக்கும் நடுவில், குழாயின் மேல், சின்னதாக ஒரு சொட்டு உட்கார்ந்தது.

துடைத்தான். மறுபடி வந்தது.

கிளிப்பை மூடிப் பயனில்லை. ஓட்டை கிளிப்பைத் தாண்டி உடம்புப் பக்கம் இருக்கிறது. ரத்தம் வெளியே வரலாம், காற்று உள்ளே போகலாம். இதையெல்லாம் அவன் யோசித்து முடிப்பதற்குள் அவன் விரல்கள் வேலையை முடித்துவிட்டன. வால்வு இல்லாத ஹோஸில் தண்ணீரை நிறுத்த எப்படி மடிப்பானோ அப்படி, ஓட்டைக்கும் தோலுக்கும் நடுவில் குழாயை மடித்து, கட்டுப் போடும் காஸ் துணியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"கை ஜில்லுனு இருக்கு. என்னங்க?"

"அசையாதே. போனை எடு. ஃப்ரிட்ஜ்ல சிவப்பு நம்பர். ஸ்பீக்கர்ல போடு."

அவன் குரலில் என்ன இருந்ததோ, மேடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. வலது கையால் எட்டி எடுத்து அழுத்தினாள். இரண்டாவது மணியில் வீட்டுச் சிகிச்சை சிஸ்டர் எடுத்தார்.

"சிஸ்டர், குழாய்ல ஓட்டை. கிளிப்புக்கு உள்பக்கம். மடிச்சுப் பிடிச்சிருக்கேன்."

"ரொம்ப நல்லது. விட்டுடாதீங்க. மேடம், மூச்சு வாங்குதா? நெஞ்சு வலிக்குதா? குளிர் நடுக்கம் ஏதாவது?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். கோபம் மட்டும் வருது, யார் மேலன்னுதான் தெரியல."

"அப்ப நல்லாத்தான் இருக்கீங்க. சார், மடிச்சது மடிச்சபடியே பிளாஸ்டர் போட்டுக் கையோட ஒட்டிடுங்க. மருந்து ஏத்த வேண்டாம். எப்படி ஆச்சு?"

தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குழாய் பழசாகி வெடித்தது என்றே எழுதிக்கொள்வார்கள். யாரும் அவனைக் கேட்கப்போவதில்லை. அந்த வார்த்தை பிளம்பரின் நாக்கு நுனிவரை வந்தது. மேடம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற நாளில் ஜன்னலைப் பார்க்கிற கண்.

"நான்தான் சிஸ்டர். நேத்து சாயந்தரம் சின்ன சிரிஞ்சுல தள்ளிட்டேன். மூணு மில்லி. நீங்க சொல்லியிருந்தீங்க. நான் அளவுக்காகச் சொல்றீங்கன்னு நினைச்சு, மூணு தடவை நிரப்பித் தள்ளினேன். கஷ்டமா இருந்துச்சு, அழுத்தினேன்."

போனில் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"அரை மணி நேரத்துல வரேன்" என்றார் சிஸ்டர்.

மடித்தது மடித்தபடி பிளாஸ்டர் போட்டான். ஒட்டி முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"ஏன் நேத்தே சொல்லல?" என்றாள் மேடம்.

"நேத்து தப்புன்னே தெரியல. பல் தேய்க்கும்போதுதான் தெரிஞ்சுது."

"சரி, காலைல?"

"சொன்னா உன்னை வார்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு பயந்தேன். நீ அங்க பட்ட பாட்டைப் பார்த்தவன்டி நான்."

வார்டில் அவள் இரண்டு வாரம் தூங்கவில்லை. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே ஹாலில் நாற்காலி போட்டு, ஐந்து பெண்களுக்கு ரோட்டுச் சிக்னல் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள். நாலு மணி ஆனால் அந்த ஹால் சந்தைக்கடைதான். அந்தச் சத்தத்தில்தான் அவள் எழுந்து உட்கார்ந்தாள், சாப்பிட்டாள். வார்டுக்குப் போனால் அது எல்லாம் போச்சு என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"குழாய் போனா வேற போடுவாங்க" என்றாள். "நீங்க சொல்லாம மருந்தை ஏத்தியிருந்தா?"

அவன் மடித்த இடத்தைப் பார்த்தான். கண் கலங்கியது. அதை மறைக்கவும் இல்லை.

வாசல் கதவு திறந்தது. கடைக்குப் போகும் வழியில் தங்கையை எட்டிப் பார்ப்பது அக்காவின் வழக்கம். சாவி அவளிடமும் ஒன்று உண்டு. கையில் இருந்த பிளாஸ்டர் மூட்டையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றக்கூட நினைவில்லை.

"என்னடி இது? என்ன பண்ணி வெச்சிருக்கார் இவர்?"

"குழாய் ஓட்டை ஆயிடுச்சுக்கா. சிஸ்டர் வர்றாங்க."

"எனக்குத் தெரியும். எனக்கு அன்னிக்கே தெரியும்! பைப்பு வேற, உடம்பு வேறன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? யார் கேட்டீங்க? இவருக்கு எல்லாம் வாய்தான். ரெஞ்ச் பிடிக்கிற கையில..."

பத்து நிமிஷம் ஓடியது அந்தப் பாட்டு. நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ளத்தான் நிறுத்தினாள். மற்ற நாளாக இருந்தால் அக்கா ஒன்று சொன்னால் இவன் இரண்டு சொல்வான். மேடம் நடுவில் நின்று சிக்னல் காட்டுவாள். இன்றைக்கு அவன் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஏற்கெனவே துடைத்த மேசை.

சிஸ்டர் வந்தார். கட்டைக் குட்டையான, அவசரப்படாத பெண்மணி. பிளாஸ்டரைத் திறக்காமலே சுற்றிப் பார்த்தார், கை வீங்கியிருக்கிறதா என்று டேப்பால் அளந்தார், காய்ச்சல் பார்த்தார். எல்லாவற்றையும் அட்டையில் குறித்துக்கொண்டார். பிறகு பெட்டியைத் திறந்து எண்ணினார்.

"இதுல சின்ன சிரிஞ்சே கிடையாதே சார். நாங்க அனுப்புறதே இல்ல. எங்கிருந்து வந்துச்சு?"

அக்காவின் பாட்டு நின்றது. பேச்சு அந்தப் பக்கம் போகும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நேற்று தான் கொடுத்ததற்கும் இன்றைக்கு இந்த ஓட்டைக்கும் சம்பந்தம் உண்டு என்பதே அந்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்தது. கைப்பையை மாரோடு அணைத்துக்கொண்டாள்.

"நான் வாங்கினது சிஸ்டர்" என்றான் பிளம்பர்.

"எங்க?"

"வெளியில."

சிஸ்டர் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். எழுதவில்லை. "அதை அப்புறம் பேசுவோம். கிளம்புங்க."

ஆஸ்பத்திரியின் பகல் வார்டில் ஆறு நாற்காலி, ஒரு படுக்கை. பத்தரை மணிக்குப் பழைய குழாயை இழுத்து எடுத்தார்கள். ஏறக்குறைய ஒரு முழம் வந்தது. முழுசாக இருக்கிறதா என்று ஸ்கேலில் வைத்து அளந்தார் சிஸ்டர். பிளம்பரும் குனிந்து கூடவே அளந்தான். துளி குறையவில்லை, உள்ளே துண்டு எதுவும் தங்கவில்லை என்றதும்தான் நிமிர்ந்தான்.

புதுக் குழாயை வலது கையில் போட்டார்கள். எக்ஸ்ரே எடுத்து, நுனி சரியான இடத்தில் இருக்கிறது என்று பார்த்து, அன்றைய மருந்தையும் அங்கேயே ஏற்றி முடிக்கும்போது மணி இரண்டு. மேடம் அதற்குள் போனில் ஐந்து பெண்களுக்கும் வகுப்பு இல்லை என்று சொல்லிவிட்டாள். "நாளைக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். "நாலு மணிக்குச் சொல்றேன்" என்றாள். டாக்டர் அதற்குள் வந்துவிடுவார் என்பது அவள் கணக்கு.

டாக்டர் அதற்கு முன்பே வந்தார். நின்றபடியே பேசினார்.

"மேல வார்டுல ஒரு பெட் காலியா வெச்சிருக்கேன். பன்னிரண்டு நாள். வீட்டுக்கு அனுப்பலாம்னு சிஸ்டர் கையெழுத்துப் போட்டா வீடு. இல்லேன்னா மேல. நான் நடுவில வரல." போய்விட்டார்.

அக்கா முந்திக்கொண்டாள். காலையில் இருந்த சுருதி இல்லை, ஆனாலும் விடவில்லை. "பெட்ல இருக்கட்டும் சிஸ்டர். பன்னிரண்டு நாள் ஓடிப்போயிடும். இல்லன்னா என் வீட்டுக்கு வரட்டும். இவரை நம்பி இனிமே..."

"அக்கா" என்றாள் மேடம். "கொஞ்சம் உட்காரு."

சிஸ்டர் ஒரு பெரிய சிரிஞ்சையும், மருந்துத் தட்டிலிருந்து ஒரு சின்ன சிரிஞ்சையும் எடுத்துப் பிளம்பரிடம் நீட்டினார். "நேத்து என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. நான் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டாம். உங்க பாஷையில சொல்லுங்க."

"குழல் ஒல்லியானா அழுத்தம் ஏறும் சிஸ்டர். அதே கட்டைவிரல்தான், ஆனா சின்னதுல பல மடங்கு போகும். தடுத்து நிக்குதுன்னா தள்ளக் கூடாது, நிறுத்திட்டு உங்களைக் கூப்பிடணும். நாங்க பைப் டெஸ்ட் பண்ற பம்ப்பும் இதேதான்."

"அப்ப என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும்."

"தெரியும். அதான் அசிங்கமா இருக்கு."

சிஸ்டர் சிரித்துவிட்டார். அன்றைக்கு அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு. "சரி. புதுக் குழாயை ஒரு தடவை கழுவிக் காட்டுங்க. நான் பேச மாட்டேன்."

பிளம்பர் கை கழுவப் போனான். முழங்கை வரை தேய்த்தான். திரும்பி வந்து பார்த்தால் மேடம் நாற்காலியில் இடப்பக்கம் திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், வழக்கம்போல. அவன் கவர் பிரித்தான்.

"இருங்க" என்றாள்.

நாற்காலியோடு அப்படியே திரும்பினாள். வலது கையை நீட்டி, அதையே பார்த்தாள். தோலில் இருந்து வெளியே வரும் குழாயை, கண்ணாடி மாதிரி ஒட்டியிருந்த பிளாஸ்டரை, அதன் கீழ் திட்டாக இருந்த ரத்தத்தை. முகம் வெளுத்தது. நெற்றியில் வியர்த்தது. ஆனால் பார்வையை எடுக்கவில்லை.

"வேண்டாம், உனக்கு மயக்கம் வரும்" என்றான் பிளம்பர்.

"வரட்டும். வீட்டுக்கு வந்த நாளா உங்களைத் தனியா ஓட்டவிட்டு நான் ஜன்னலை வேடிக்கை பார்த்திருக்கேன். நேத்து நான் பார்த்துட்டு இருந்திருந்தா, பெரிசு எங்கேன்னு கேட்டிருப்பேன். தப்புல பாதி என்னோடது. ம், ஆரம்பிங்க."

ஆரம்பித்தான். பஞ்சால் தேய்த்துப் பதினைந்து எண்ணினான். காயவிட்டான். மாட்டினான். கிளிப்பைத் திறந்தான். கை நடுங்கவில்லை, அவன் கை எப்போதும் நடுங்காது, அதுதான் அவனுக்கு இருக்கிற ஒரே சொத்து. தள்ளினான், நிறுத்தினான். தள்ளினான்...

"பிரேக்!"

அந்தக் கத்தலில் பக்கத்து நாற்காலிக்காரர் கையில் இருந்த பத்திரிகை கீழே விழுந்தது. அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். பிளம்பரின் கட்டைவிரல் சிரிஞ்சை விட்டு அந்தரத்தில் நின்றது. அடுத்த கை தானாகக் கிளிப்பை மூடியிருந்தது.

"என்ன மேடம்? வலிக்குதா?" என்று சிஸ்டர் குனிந்தார்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். நேரா ஓட்ட எல்லாருக்கும் வரும். நிறுத்துன்னா நிறுத்துறாங்களான்னு பார்க்காம நான் யாருக்கும் கையெழுத்துப் போட்டதில்ல." மேடம் இடது கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். கணவனைப் பார்த்தாள். "நிறுத்திட்டார். மிச்சத்தைத் தள்ளுங்க."

பிளம்பர் முனையை மறுபடி சரிபார்த்து, கிளிப்பைத் திறந்து மிச்சத்தைத் தள்ளினான். ஒரு சொட்டு எங்கும் வரவில்லை. கடைசித் துளி இருக்கும்போதே கிளிப்பை மூடினான்.

சிஸ்டர் பேனாவை எடுத்தார். "நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் பார்க்கணும். ஒருத்தர் செய்யணும், ஒருத்தர் கண்ணால பிடிக்கணும். பெட்டியில இருக்கிறது மட்டும்தான். குறைஞ்சா போன். ஞாயிறா இருந்தாலும், கைதவறினாலும். நான் திட்டமாட்டேன்."

கையெழுத்துப் போட்டார். மேடம் உடனே ஐந்து பெண்களில் ஒருத்தியைப் போனில் பிடித்து, "நாளைக்கு நாலு மணி. லேட்டா வந்தா வெளியில நிறுத்திடுவேன்" என்றாள். பிளம்பர் அவள் செருப்பை எடுத்துக் கால் அருகில் வைத்தான். வீட்டுக்குப் போகிறார்கள். அவனுக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது.

"ஒரு கோடு மட்டும் காலியா இருக்கு" என்றார் சிஸ்டர், காகிதத்தை மூடாமல். "அந்தச் சின்ன சிரிஞ்ச். வெளியில வாங்கினேன்னா எந்தக் கடை?"

"அது... ஞாபகம் இல்ல சிஸ்டர்."

"நேத்து வாங்கினது ஞாபகம் இல்லையா?" என்று கேட்டது சிஸ்டர் இல்லை, மேடம்.

பிளம்பர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். காலையில் தன் தப்பைச் சொல்ல அவனுக்கு வாய் வந்தது. இதைச் சொல்ல வரவில்லை. அக்கா அவனை என்ன சொன்னாலும், மேடத்துக்கு அம்மா அப்பா இல்லாத வீட்டில் எல்லாமாக இருந்தவள் அவள். தங்கை முன்னால் அவள் தலைகுனிவதைப் பார்க்க அவனுக்கு மனசில்லை. அவள் கடை வேலையே போனாலும் போகும்.

கைப்பையின் ஜிப் சத்தம் கேட்டது.

அக்கா மூன்று சின்ன சிரிஞ்சுகளைக் கவரோடு எடுத்து மேசையில் வைத்தாள். நேற்று அவன் ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தான்.

"என் கடை" என்றாள். "நான்தான் குடுத்தேன். தண்ணி ஒண்ணுதானேன்னு சொன்னது நான். காலையிலேர்ந்து இவரைத் திட்டினதும் நான்." பிளம்பரைப் பார்த்தாள். "தம்பி, நீங்க ஏன் சொல்லல?"

"நீங்க மூச்சு விட்டாத்தானே அண்ணி நான் பேச" என்றான் பிளம்பர்.

மேடம் சிரித்தாள். அக்காவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். சண்டை தீர்ந்தது, கிளம்பலாம் என்று பிளம்பர் நினைத்தான். சிஸ்டர் சிரிக்கவில்லை. மூன்று கவர்களையும் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் உங்க மேல புகார் எழுதிக் குடுக்கப்போறதில்ல. ஒண்ணு மட்டும் யோசிச்சுச் சொல்லுங்க. கையில இந்த மாதிரிக் குழாய் இருக்கிறவங்க வீட்டுல இருந்து, உங்க கடைக்கு வேற யாராவது வந்தாங்களா? இதே மாதிரி சிரிஞ்ச் கேட்டு?"

"இல்ல..." என்று ஆரம்பித்த அக்கா நிறுத்தினாள். அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கியது.

"சலூன்காரர்" என்றாள். "அவர் கையிலயும் இதே குழாய்தான். அவர் சம்சாரம் வந்தாங்க. முந்தாநாள். பெரிய சிரிஞ்ச் தீர்ந்துபோச்சு, புதுசு வர மூணு நாளாகும்னாங்க. நான்தான்... ஆறு குடுத்தேன்."

"அவருக்கு வீடு எங்க? போன் நம்பர் இருக்கா?"

"நம்பர் தெரியாது. வீடு தெரியும். சலூனுக்கு மேல மாடியில."

சிஸ்டர் எழுந்துவிட்டார். பிளம்பர் மேடத்தைப் பார்த்தான். வீட்டுக்குப் போவதற்காகக் காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், செருப்பை மாட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் வாசலில் நின்றாள்.

"என்னைப் பார்த்தது போதும், அந்த வீட்டுல சட்டுனு மடிச்சுப் பிடிக்கத் தெரிஞ்ச ஆள் இல்ல" என்றாள். "வாங்க. வீட்டுக்கு அப்புறம் போலாம்."